பழசா, புதுசா

ஊசி உள்ளே போவதைப் பார்க்கக்கூடாது என்று இத்தனை வருடமாகத் தெரிந்திருந்தும் இன்றைக்கும் பார்த்துவிட்டேன். வெளிர்நீல கிளவுஸுக்குள் டெக்னீஷியன் தமயந்தியின் மெலிந்த விரல்கள் என் இடது கையில் புடைத்துக் கிடக்கும் நரம்பைத் தடவி இடம் தேடின, ஓரிடத்தில் நின்றன, "மூச்ச இழுத்துக்கோங்கக்கா" என்றாள், இழுத்தேன், சுருக்கென்று ஒன்று, கொஞ்சம் மேலே தள்ளி இன்னொன்று, என் ரத்தம் வெளியே போய் டயாலிசிஸ் மெஷினைச் சுற்றிவிட்டு வருவதற்கு இரண்டு வாசல் திறந்தாகிவிட்டது, இனி மத்தியானம்வரைக்கும் இந்தக் கை என்னுடையது இல்லை. டியூப்பில் சிவப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டேன், அவளும் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் வழக்கமாக இந்த நேரத்தில் அவள் தன் மகளைப் பற்றி ஏதாவது சொல்லுவாள், எல்.கே.ஜி.யில் டீச்சரை எப்படி எதிர்த்துப் பேசினாள், ராத்திரி தூங்காமல் என்ன அட்டகாசம் செய்தாள் என்று. இன்றைக்கு பிளாஸ்திரியை ஒட்டினாள், ஒட்டியதன்மேல் இன்னொன்றை ஒட்டினாள், அதன்மேல் ஒன்றைக் குறுக்காக ஒட்டினாள், இனி பூகம்பமே வந்தாலும் அந்த ஊசி நகராது. எதற்காக இத்தனை பிளாஸ்திரி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் இப்போது உட்கார்ந்திருப்பது சன்னல் பக்கம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி, மூன்று மெஷின், ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி என்கிற கல்லீரல் கிருமி இருக்கிறவர்களுக்கு மட்டும். அந்தப் பக்கம் மற்ற எல்லாரும். நான் முன்னால் இங்கேதான் இருந்தேன், மாத்திரை சாப்பிட்டேன், கிருமி போய்விட்டது என்றார்கள், அந்தப் பக்கம் அனுப்பினார்கள், ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்துக்காரியாக இருந்தேன், போன வாரம் ரத்தத்தில் மறுபடியும் கிருமி தெரிகிறது என்று சொல்லித் திரும்ப இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து நாற்காலி ஒச்சப்பன் அண்ணன் என்னைப் பார்த்ததும் வந்துட்டியா தாயி என்று சிரித்தார், ஊருக்குப் போய்த் திரும்பியவளைக் கேட்கிற மாதிரி. நானும் சிரித்தேன்.

இன்றைக்குப் பதில் வருகிறது. டாக்டர் அம்பலவாணன் சொல்லியிருக்கிறார், புதன்கிழமை ரவுண்ட்ஸ் வரும்போது கையில் இருக்கும் என்று. அவர் நல்லவர், உட்கார்ந்து பேசுகிறவர், போன வாரம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முழங்காலுக்கு நேரே உட்கார்ந்துதான் சொன்னார். அமலோற்பவம், கிருமி திரும்ப வந்திருக்கு, ஆனா இது ரெண்டுல ஒண்ணு. உங்களுக்கு முன்னாடி இருந்த அதே கிருமி மாத்திரைக்குத் தப்பிச்சு எங்கேயோ ஒளிஞ்சிருந்துட்டு இப்ப தலையத் தூக்கியிருக்கலாம். இல்லேன்னா அது சுத்தமா செத்துப்போயி, வெளியில இருந்து புதுசா ஒண்ணு வந்திருக்கலாம். பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், கிருமி இருக்கு இல்லேங்கிறத மட்டும் சொல்ற டெஸ்டுல வித்தியாசம் தெரியாது. உங்க பழைய ரத்தம் கொஞ்சம் மதுரையில லேப்ல உறைய வச்சிருக்காங்க, அதையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும், கைரேகை பாக்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். பழசா புதுசா. எது நல்லது டாக்டர் என்று கேட்டேன், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களுக்கு மட்டும்னா புதுசா இருந்தா நல்லது என்றார். பழசு என்றால் அந்த மாத்திரைக்கு அசையாத கிருமி, வேறு மாத்திரை, அதிக நாள், அது கேட்குமா கேட்காதா என்பதே சந்தேகம், அதுவரைக்கும் பிலோமினாவின் கிட்னியைப் பற்றிப் பேசவே முடியாது. பிலோமினா என் தங்கச்சி. எனக்குக் கொடுப்பதற்காக வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்து, மாமியாரைச் சம்மதிக்க வைத்து, எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் நான் போன் பண்ணவில்லை. புதுசு என்றால் அதே மாத்திரையை இன்னொரு தடவை சாப்பிட்டால் போதும், கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் நடக்கும். அப்ப புதுசாவே இருக்கட்டும் டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதுசுன்னா எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும்மா, அது இந்த ரூமுக்குள்ள இருந்து வந்திருந்தா அத்தோட நிக்காது, என்றார். டெஸ்ட் வரட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் யோசிச்சு வைங்க, பல் பிடுங்கினது, வெளியில ஊசி போட்டது, பச்சை குத்தினது, வீட்டுல ஒரே பிளேடு, வீட்டுக்காரர், எதா இருந்தாலும். இங்க நடந்தது ஏதாவது இருந்தாலும். கடைசியாகச் சொன்னதை மற்றதைப்போலவே சொன்னார். ஆனால் மெஷினுக்குப் பின்னால் டியூப் மாட்டிக்கொண்டிருந்த தமயந்தியின் கை நின்றது. எனக்குத்தான் தெரிந்தது.

யோசித்து வைக்கச் சொன்னார், நான் யோசிக்காமல் இருக்கத்தான் ஒரு வாரமாகப் பாடுபடுகிறேன். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பஞ்சாயத்து ஆபீசில் வேலை, நேற்று நாகல் நகர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டியை அணைத்துவிட்டாள், பின்னால் பஸ், ஹாரன், அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தபடி ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, அவன் கத்துவான், கத்தட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்லும்போது எனக்குள் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்னால், அந்த நாள். நான் அந்தப் பக்கம் சுவரோர நாற்காலியில், பக்கத்தில் பேகம்பூர் ரஹ்மத்பீவி, இரண்டு பேரும் பேசிக் களைத்துக் கண்ணை மூடியிருந்தோம். என் கை ஈரமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது, கண்ணைத் திறந்தபோது போர்வை முழுக்கச் சிவப்பு, ஊசி ஒன்று வழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, மெஷின் எதுவும் தெரியாததுபோல என் ரத்தத்தை எடுத்து எடுத்துத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. கத்தினேனா என்று தெரியவில்லை. ரஹ்மத்பீவி கத்தினாள். அன்றைக்கு ஹாலில் தமயந்தி ஒருத்திதான், இன்னொரு டெக்னீஷியன் வரவில்லை, நர்ஸ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். தமயந்தி சன்னல் பக்கம் இருந்தாள். கண்ணாடி வழியாக நான் பார்த்தேன், அவள் ஒச்சப்பன் அண்ணனுக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள், அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவர் கையைப் பிடித்து அந்தப் பஞ்சின்மேல் வைத்துவிட்டு ஓடிவந்தாள், தரையில் வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து எழுந்தாள், மெஷினை நிறுத்தினாள், என் கையைப் பிடித்து அந்த ஓட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நின்றது. அவள் விரல் வைத்ததும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நான் இல்லை, இதை டாக்டரே சொன்னார். அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கேயும் பார்க்க முடியவில்லை, வெளிர்நீல கிளவுஸ், நுனியில் சிவப்பு, அந்தச் சிவப்பு என்னைத் தொடுவதற்கு முன்னாலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததை அப்போதே மறந்தேன், பிழைத்துக்கொண்டவளுக்கு மறப்பதற்கு எவ்வளவோ இருந்தது. ஊசி வழுவியது எல்லாருக்கும் தெரியும், டாக்டருக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவள் எங்கே இருந்து ஓடிவந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் பல்லும் பிடுங்கினேன். அது நிஜம். அதே மாதங்களில்தான், கடைவாய்ப் பல், முகம் ஒரு பக்கம் பலூனாக வீங்கி, சந்துக்குள் ஒரு கிளினிக், அந்த டாக்டர் சாமான்களை எடுத்த தட்டில் முந்தின ஆளின் பஞ்சு கிடந்ததாக எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது, இல்லை, அந்த ஞாபகத்தை இந்த ஒரு வாரத்தில் நானே செய்துகொண்டேனா என்று தெரியவில்லை. முதலில் பஞ்சு இல்லை. இரண்டாம் நாள் யோசித்தபோது பஞ்சு வந்தது. நேற்று யோசித்தபோது அதில் ரத்தமும் வந்துவிட்டது. பல் என்று சொன்னால் பொய் இல்லை, டாக்டர் எழுதிக்கொள்வார், தலையாட்டுவார், தமயந்தி மெஷினுக்குப் பின்னால் மூச்சு விடுவாள், எல்.கே.ஜி. கதை திரும்ப வரும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. இவர் கீழே மரத்தடியில் வண்டியின்மேல் உட்கார்ந்திருப்பார் இந்நேரம், சவரிமுத்து, என் வீட்டுக்காரர், டாக்டர் வீட்டுக்காரர் என்ற வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து இவர் சாப்பிடுவது குறைந்துவிட்டது. என்னாலயா அமலா என்று ஒரே ஒரு தடவை கேட்டார், டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது, டம்ளரைப் பார்த்தபடி. இல்லை என்று அடித்துச் சொன்னேன். பிறகு இவரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், இல்லை என்று வந்தது, வந்த பிறகும் ஷேவிங் செட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார், துண்டைத் தனியாக வைத்துக்கொண்டார், என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறாரா தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கெண்டைக்கால் இழுக்கிறது. தண்ணீர் அதிகமாக எடுக்கிறார்கள் இன்றைக்கு, நேற்று ராத்திரி பிரியாணியும் மோரும், என் தப்பு. காலை நீட்டினேன், நரம்பு கயிறாக முறுக்கியது, பல்லைக் கடித்தேன், தமயந்தி வந்துவிட்டாள், நான் கூப்பிடவே இல்லை, பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினாள், தன் நெஞ்சோடு என் பாதத்தை வைத்து உடம்பின் எடையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். விட்டது. மெஷினில் ஏதோ குறைத்தாள். இப்ப பரவால்லயாக்கா. பரவாயில்லை. போய்விட்டாள். இவளைப் பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன். சொன்னால் வேலை போகும். இவள் புருஷன் திருப்பூரில் இருக்கிறான் என்பாள், இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. பழசாக இருந்துவிடட்டும். மாதாவே, பழசாகவே இருந்துவிடட்டும், என் உடம்புக்குள்ளேயே ஒளிந்திருந்ததாக இருக்கட்டும், யாரும் யாரையும் தொடவில்லை என்று ஆகட்டும். அப்படி வேண்டிக்கொண்டவுடன் பிலோமினாவின் முகம் வந்தது, அவள் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்து, என் கிட்னி ரெண்டும் ஜோரா இருக்காம்க்கா, எது வேணும்னு நீயே பாத்து எடுத்துக்கோ என்று சிரித்தது. அப்படியானால் புதுசாக இருக்கட்டும். வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா.

ஒச்சப்பன் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் தன் மச்சினன் மாடு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்திவிட்டு, உனக்கு எப்படித் தாயி திரும்ப வந்துச்சு, நீதான் மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்குனியே என்று கேட்டார். தெரியலண்ணே, பாக்குறாங்க என்றேன். நான் பாதியிலயே விட்டுட்டேன், குமட்டலு, எனக்குன்னா நியாயம், உனக்கு எதுக்கு என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ரஹ்மத்பீவி என் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வாயசைத்து என்னவோ கேட்டாள், சாப்ட்டியா என்று இருக்கும். அவளும் மாத்திரை டப்பாவும், அவள் பேத்தி வரைந்து கொடுத்த விசிறியும். விசிறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது வந்தது, இத்தனை நாள் வராதது, ஓரமாக எங்கேயோ நின்றுகொண்டிருந்தது போல. அன்றைக்கு ரஹ்மத்பீவி கத்தினாள், கத்திவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள், ரத்தத்தைப் பார்த்து மயக்கம், கண் செருகி வாய் கோணியது, அவள் மெஷின் கூவ ஆரம்பித்தது. தமயந்தி ஒரு கையால் என் ஓட்டையை அழுத்திக்கொண்டே இன்னொரு கையை நீட்டினாள். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்று, ஒரு கை என்மேல், ஒரு கை அவள்மேல். ரஹ்மத்பீவியின் டியூப்பை அடைத்தாள், அவள் கையில் ஊசி இருக்கிற இடத்தைத் தொட்டாளா. பிளாஸ்திரி பிரிந்திருந்ததா. சலைன் திறந்தாள், அது ஞாபகம் இருக்கிறது. எந்தக் கை. என்மேல் இருந்தது வலது கை என்றால் அவளைத் தொட்டது இடது கை, ஒச்சப்பன் அண்ணனைப் பிடித்திருந்தது எந்தக் கை, இரண்டுமா, பஞ்சை அழுத்தியது வலது, அவர் கையைத் தூக்கிப் பஞ்சின்மேல் வைத்தது இடது, அப்படியானால் இரண்டு கையிலும். மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஈரம். போர்வை. கண்ணாடி. ஓடிவருகிறாள், முழங்காலில் விழுகிறாள். இங்கே வரும்போதெல்லாம் படம் நின்றுவிடுகிறது, விழுந்தபோது கையைத் தரையில் ஊன்றினாள் என்று நினைக்கிறேன், தரையில் என் ரத்தம், பிறகு அவள் கட்டைவிரல், பிறகு கூவல், பிறகு எனக்கும் கண் இருட்டிவிட்டது. ரஹ்மத்பீவிக்கு ஒன்றும் இல்லை, போன மாசம் எல்லாருக்கும் பார்த்ததில் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் டாக்டர் சொன்னாரே, அந்தச் சாதாரண டெஸ்டில் டயாலிசிஸ்ல இருக்கிற ஆளுங்களுக்கு மாசக்கணக்கில் தெரியாமலே இருக்கும் என்று, கிருமியையே தேடுகிற பெரிய டெஸ்ட் மதுரைக்கு அனுப்ப வேண்டியது, அதை ஹாலில் எல்லாருக்கும் எடுக்க முடியாது, சந்தேகம் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று. ரஹ்மத்பீவிமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்கும் இல்லை. விசிறிக்கொண்டிருக்கிறாள். அவள் கல்லீரலுக்குள் ஏதாவது உட்கார்ந்துகொண்டிருக்கிறதா என்று இந்த உலகத்தில் சந்தேகப்பட முடிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி நான், ஒருத்தி தமயந்தி. பல் என்று நான் சொன்னால் அந்தக் கதவு அதோடு மூடிவிடும். தமயந்திக்கு இது ஞாபகம் இருக்கிறதா. அவளும் ராத்திரி ராத்திரி ஓட்டிப் பார்க்கிறாளா. அவளுக்கும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறதா. சொல்லாமல் இருப்பதுதான் நன்றி என்று இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன், யாருக்கு நன்றி, எந்தக் கைக்கு, அந்தப் பக்கம் நீண்ட கைக்கும் சேர்த்தா. பழசாக இருந்தால் இது எதுவுமே இல்லை. பழசாக இருந்தால் ரஹ்மத்பீவிக்கும் ஒன்றும் இல்லை, தமயந்திக்கும் ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும்தான். எனக்கு மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். தாங்கிக்கொள்வேனா. இடது கையில் நரம்பு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கிறது, வண்டி நின்றும் அணையாத என்ஜின்போல, ஊசிக்குள் ரத்தம் போகிற வேகம் எனக்குக் கேட்கிறது, உள்ளே இருப்பது எது, பழையதா, புதியதா, அதற்குப் பெயர் தெரியாது, தான் யாரிடமிருந்து வந்தோம் என்றும் தெரியாது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. கையைப் பார்த்துக் கேட்டுவிடலாம் போல இருந்தது.

மெஷின் முடிந்ததற்கான மணி அடித்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். தமயந்தி வந்தாள், ரத்தத்தைத் திரும்ப உள்ளே அனுப்பினாள், டியூப் சிவப்பிலிருந்து ரோஜா நிறமாகி வெளிறியது. பிளாஸ்திரியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அத்தனை ஒட்டியிருந்ததால் நேரம் எடுத்தது, ரோமம் பிய்ந்தது, சாரிக்கா என்றாள். ஒரு ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், அது நின்றது, அடுத்ததை எடுத்தாள், பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றாள், அப்போது டாக்டர் அம்பலவாணன் உள்ளே வந்தார். அவர் ஒச்சப்பன் அண்ணனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார், அவர் ஸ்டூலை இழுத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பழசு என்றால் நின்றபடியே சொல்லியிருப்பார். உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பதில் வந்துருச்சும்மா, இது உங்க பழைய கிருமி இல்ல, அது போயிருச்சு, இது வேற, வெளியில இருந்து வந்தது, என்றார். அதே மாத்திரை திரும்பத் தொடங்கலாம் என்றார், தங்கச்சி விஷயம் தள்ளித்தான் போகும், ஆனால் கைவிட்டுப் போகாது என்றார், நான் அழவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் இடம் விட்டார். எனக்கு பிலோமினாவின் சிரிப்பு கேட்டது, அடுத்த கணம் ரஹ்மத்பீவியின் விசிறி. டாக்டர் இப்போது ஒச்சப்பன் அண்ணன் பக்கம் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டுக்கொண்டு, இந்த வகைக் கிருமி இந்த ஹாலில் ஏற்கெனவே இருக்கிறது என்றும், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, வெளியிலும் இருக்கிறது என்றும் சொன்னார். யோசிச்சு வச்சீங்களா, என்றார்.

பல் என்ற வார்த்தை நாக்கில் இருந்தது. அதைத்தான் முதலில் சொன்னேன். பல் பிடுங்கினேன் டாக்டர், என்றேன், எந்த மாதம் என்று சொன்னேன், கிளினிக் எங்கே என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். என் கைமேல் இருந்த கட்டைவிரல் அசையவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், டாக்டர் எழுந்திருக்கப் போனார், பாதி எழுந்தும்விட்டார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஹ்மத்பீவிக்கும் முடிந்துவிட்டது, காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"டாக்டர், இன்னொண்ணு இருக்கு."

அவர் திரும்ப உட்கார்ந்தார். நான் தமயந்தியைப் பார்க்கவில்லை, பார்த்தால் சொல்லமாட்டேன், அவள் கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னேன். ஊசி வழுவிய நாள். அவள் ஓடிவந்தது சன்னல் பக்கத்திலிருந்து, ஒச்சப்பன் அண்ணனுக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள், கிளவுஸ் மாற்ற நேரம் இல்லை, மாற்றியிருந்தால் நான் இல்லை. அதையும் சொன்னேன், மாற்றியிருந்தால் நான் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு ரஹ்மத்பீவி மயங்கியதைச் சொன்னேன், இவள் கையை நீட்டியதைச் சொன்னேன், எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். சொல்லி முடித்தபோது என் குரல் யாருடையதோ போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒச்சப்பன் அண்ணன் மாட்டுக் கதையை எப்போதோ நிறுத்தியிருந்தார், தன் கையில் பஞ்சு வைத்துக் கட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் என்னைத் தாண்டி மேலே பார்த்தார்.

"தமயந்தி, ரஹ்மத்பீவியம்மாவத் தொட்டப்ப கிளவுஸ் மாத்தினியா?"

"மாத்தினேன்னு சொல்லணும்னுதான் சார் ஒரு வாரமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்." அவள் குரல் எனக்கு மேலே எங்கிருந்தோ வந்தது. "ஞாபகம் இல்ல சார். மாத்தியிருக்க மாட்டேன்."

ஒருத்தியாகத்தான் இருந்தாயா அன்றைக்கு என்று டாக்டர் கேட்டார். ஆமா சார் என்றாள். இன்னொரு டெக்னீஷியன் எங்கே என்று கேட்டார், அந்த மாதம் முழுக்கவே இன்னொருவர் இல்லை என்றாள், அது அவருக்கும் தெரிந்த விஷயம்தான் என்பது அவர் தரையைப் பார்த்ததில் தெரிந்தது. அதுக்கு நானும் பதில் சொல்லணும் என்று மெதுவாகச் சொன்னார், அவளிடமா தனக்கா என்று தெரியவில்லை. எழுந்தார், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார், செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பிய ரஹ்மத்பீவியை நிறுத்தினார், என்னவோ சொன்னார், அவள் திரும்ப உட்கார்ந்தாள், நர்ஸ் ரத்தம் எடுக்கும் ட்ரேயோடு வந்தாள், ரஹ்மத்பீவி ஒன்றும் புரியாமல் கையை நீட்டியபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து என்னவாம் என்று புருவத்தைத் தூக்கினாள். தமயந்தி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு என் தலைக்குமேல் வந்து போனது. இப்போது கையை எடுத்துவிடுவாள், எடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள், வெள்ளிக்கிழமை வேறு யாராவது எனக்கு ஊசி போடுவார்கள், நரம்பு தெரியாமல் குத்துவார்கள், அல்லது இவளே போடுவாள், மூச்சை இழுத்துக்கொள்ளச் சொல்லாமல் போடுவாள். விரலை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை.

"நீ போம்மா, நான் பிடிச்சுக்கறேன்," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. இன்னும் நிக்கல."

நின்று வெகுநேரமாகிவிட்டது. பஞ்சு காய்ந்து வெள்ளையாக இருந்தது, எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது, நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.